போதும்பொண்ணும் ஸ்தானாவும்

போனில் பேசினால் நீ "சரிப்பா, வண்டி ஓட்டிட்டு இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். நான் பேச ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியுமோ என்று உனக்குப் பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். அதனால் எழுதுகிறேன். எழுத்தை நடுவில் வைத்துவிட்டாலும் மறுநாள் எடுத்துப் படிக்கலாம். நீ ஓமானில் உள்ள சோஹாருக்கு மாற்றலாகி, ஸ்தானாவும் குழந்தையும் உன்னோடு கிளம்பி, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று உன் அம்மாவும் பெட்டி கட்டிக்கொண்டு வந்துவிட்ட பிறகு, துபாயில் இந்த அல் குசைஸ் வீட்டில் நானும் ஏசி ஓடும் சத்தமும்தான் மிச்சம். பிள்ளைக்காக மட்டும் அவள் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். என் முகத்தைக் கொஞ்ச நாள் பார்க்காமல் இருக்க வேண்டும் என்றும் வந்திருக்கிறாள். அவள் அப்படிச் சொல்லவில்லை. போகும்போது சாம்பார் பொடி டப்பா எங்கே இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

முதலில் என் குறையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எழுத வராது. நீ அபுதாபியில் ஸ்தானாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு எனக்குப் போட்டோ அனுப்பினாய். தேராவில் என் கடையில் உட்கார்ந்து ஒரு ஃபிலிப்பினோ அம்மாவுக்கு ஜிப் அளந்துகொண்டிருந்தேன். பெற்றவனுக்குச் சேதி போட்டோவாக வந்தது. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை, இந்தக் கடிதத்திலும் மன்னிப்பதாக இல்லை. குழந்தைக்கு யாழினி என்று பெயர் வைக்கப் போகிறோம் என்பதையும் முடிவு செய்த பிறகுதான் சொன்னீர்கள். ஊரில் அண்ணன், தம்பி பிள்ளைகளுக்கெல்லாம் பெயர் தேடிக் கொடுத்தவன் நான். இந்த இரண்டு குறையும் எனக்கு உண்டு. ஆனால் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்துக்கு இந்த இரண்டும் சமாதானம் ஆகாது. அந்த அளவுக்கு எனக்குக் கணக்குத் தெரியும்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தவன் என்பது உனக்குத் தெரியும். இங்கிலீஷ் நான் பழைய செய்தித்தாள்களில் படித்தது. அரபியும் இந்தியும் கடைக்கு வந்தவர்கள் கொடுத்தது. பட்டனும் லேஸும் தையல் ஊசியும் விற்கிற கடைக்கு உலகத்தில் உள்ள எல்லாப் பெண்களும் வருவார்கள். பெயரைக் கேட்பேன், அர்த்தம் கேட்பேன், அவர்களுக்கே தெரியாவிட்டால் தேடிப் படித்து அடுத்த முறை வரும்போது சொல்வேன். ஒரு உஸ்பெக் பெண் தன் பெயரின் அர்த்தத்தை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அவள் அம்மாவுக்கே போன் போட்டுச் சொன்னாள். பட்டப்படிப்பு இல்லாதவனுக்கு இப்படி ஒரு அறிவு இருப்பதில் எனக்குக் கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தோடுதான் ஸ்தானாவின் பெயரையும் தொட்டேன்.

அவளுக்கு ஏழாம் மாதம். சனிக்கிழமை, நீ காரைக் கழுவக் கீழே போயிருந்தாய். சாப்பாட்டு மேசையில் அவளும் நானும் உட்கார்ந்திருந்தோம், உன் அம்மா அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். உன் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். உனக்கு அவள் சொல்லியிருப்பாள், ஆனால் எனக்கு எப்படிச் சொன்னாள் என்பது உனக்குத் தெரியாது. அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள். அவளுடைய செர்பிய மொழியில் பஸ் டிரைவரிடம் ‘நிறுத்து’ என்று கத்துவார்களே, அந்தச் சொல்லில் இருந்துதான் அந்தப் பெயராம். நிற்பது, நிறுத்துவது, இரண்டுக்கும் ஒரே வேர். நம்மிடம் ‘ஸ்தானம்’ என்று வழங்குகிற வடசொல்லும் அதே வேரிலிருந்து கிளைத்ததுதான் என்று நான் சொன்னதும் அவள் கண்ணெல்லாம் விரிந்தது. பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், இதுவாவது நிலைக்கட்டும் என்று இந்தப் பெயரை வைப்பார்களாம். நம் ஊரில் குப்பம்மாள், பிச்சை என்று வைப்பது போல என்றேன். சில வீடுகளில் ஓநாய் என்று பெயர் வைப்பார்களாம், கெட்டது எதுவும் கிட்டே வராது என்று. பெண்ணாகவே பிறந்துகொண்டிருக்கும் வீட்டிலும் இந்தப் பெயரை வைப்பார்கள், இத்தோடு நிற்கட்டும் என்று. ‘போதும்’ என்றே நேரடியாகப் பொருள்படும் பெயரும் அங்கே உண்டாம், தோஸ்தா என்று.

"நான் நிலைக்கிறதுக்கு வச்ச பேரு இல்லப்பா," என்றாள். "நிக்கிறதுக்கு. மூணாவது பொண்ணு." அவர்கள் வழக்கத்தில் பிள்ளைக்குப் பெயர் வைப்பது ஞானத்தந்தையாம், அந்தக் காலத்தில் பெற்றவர்களைக்கூடக் கேட்க மாட்டார்களாம். ஞானத்தந்தை பெயரைச் சொன்னதும் அவள் அப்பா தலையை ஆட்டிவிட்டு வெளியே போனவர், பிறகு வெகு நேரம் வீட்டுக்கு வரவில்லை. இதை அவள் அம்மா, அவள் கல்லூரி முடித்த பிறகுதான் சொன்னாளாம். சொல்லிவிட்டு ஸ்தானா தோசையைப் பிய்த்துச் சட்னியில் தொட்டுச் சாப்பிட்டாள். உன்னைத் தவிர இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை என்றாள். அப்பா என்று என்னைக் கூப்பிடுகிற பெண், தன் அப்பாவைப் பற்றி என்னிடம் சொன்னாள். இதற்கு மேல் ஒருவர் மேல் நம்பிக்கை எப்படி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு அவள் கேட்டாள்: "அம்மா பேருக்கு என்ன அர்த்தம்?"

பூங்கொடி என்றேன். பூக்கிற கொடி என்று கையால் கொடி படர்வதைப் போலக் காட்டினேன். அடுப்படியில் தோசைக் கரண்டி சத்தம் ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி கேட்டது. உன் அம்மா அடுத்த தோசையைக் கொண்டுவந்து என் தட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

உனக்கு உன் அம்மாவின் பெயர் தெரியும். பிறப்புச் சான்றிதழில் பார்த்திருக்கிறாய். மூன்றாம் வகுப்பில் டீச்சர் வகுப்பில் வைத்து அதை வாசித்து, பிள்ளைகள் சிரித்து, நீ அழுதுகொண்டு வந்தாய். நான் உன்னை மடியில் வைத்து என்ன சொன்னேன்? இனிமேல் யார் கேட்டாலும் பூங்கொடி என்று சொல், எழுதும்போதும் அப்படியே எழுது என்று சொன்னேன். அம்மா பெயரில் சிரிக்க ஒன்றுமில்லை என்று சொல்லத் தோன்றவில்லை. ஐந்தாவதாகப் பிறந்தவளுக்குப் போதும்பொண்ணு என்று அவள் வீட்டில் பெயர் வைத்தார்கள். பெண் பார்க்கப் போனபோதே எனக்கு அந்தப் பெயர் உறுத்தியது. அவள் முதன்முதலாகத் துபாய்க்கு வந்த வாரம், கடைக்குப் பக்கத்து நூல் கடைக்காரர் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். கீழக்கரைக்காரர், அவர்கள் பக்கம் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, அன்றைக்கும் இன்றைக்கும் நான் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் மனைவி இவளைப் பார்த்து, "பேரென்னம்மா?" என்று கேட்டார். இவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். அந்த ஒரு நிமிடத்தில் என் வாயில் வந்த பெயர்தான் பூங்கொடி. பிறகு இந்தத் தேசத்தில் அவள் பூங்கொடி அக்காவாகவே இருந்தாள். ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஏர்போர்ட் கவுன்ட்டரில் பாஸ்போர்ட்டைப் பார்த்து அவள் பெயரைத் திக்கித் திக்கி வாசிப்பார்கள். நான் வரிசையில் தமிழ் ஆட்கள் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பேன். அவளும் நான் பார்ப்பதைப் பார்ப்பாள்.

இப்போது பெயர் வைத்த அன்றைக்கு வருகிறேன். நீ அங்கே இருந்தாய், ஆனால் நீ என் பக்கத்திலிருந்து அதைப் பார்க்கவில்லை. நம் வீட்டு ஹால் நிறைய ஆட்கள். காக்கா குடும்பம், நம் பில்டிங் திருச்சிக்காரர்கள், உன் ஆபீஸ் நண்பர்கள். நீ குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்பா, காதுல பேரச் சொல்லுங்க" என்றாய். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என்னைக் கேட்காமல் வைத்த பெயரை நான் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஸ்தானா பட்டுச் சேலையில் நின்றுகொண்டு, யாழினி என்பதில் வருகிற ழகரத்தை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நம் பில்டிங்கில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கே வராத எழுத்து. மாதக்கணக்கில் பழகியிருக்கிறாள் என்று பிறகு உன் அம்மா சொன்னாள். எனக்கு அதைப் பார்த்துச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. எல்லாம் என்னிடம் கேட்காமல் இவர்களே கற்றுக்கொள்கிறார்கள் என்று.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பேத்தி பேரு இருக்கட்டும். மொதல்ல மருமக பேருக்கு அர்த்தம் தெரியுமா ஒங்களுக்கு? ‘நிப்பாட்டு’. பொட்டப்புள்ள போதும், நிப்பாட்டுன்னு வச்ச பேரு. அவங்கப்பன் பேரக் கேட்டதும் வீட்ட விட்டே போயிட்டாராம். அங்க வேணாம்னு விட்டதத்தான் நம்ம வீட்டுல கொண்டாந்து வச்சிருக்கோம்."

சிலர் சிரித்தார்கள். என் பேச்சுக்கு எப்போதும் சிரிக்கிறவர்கள். ஸ்தானாவுக்குத் தமிழ் தெரியாது என்று நான் நினைத்தேன் என்று சொன்னால் அது பொய். அடுப்பை நிப்பாட்டு, குழாயை நிப்பாட்டு என்று உன் அம்மாவிடம் அவள் அந்தச் சொல்லைத்தான் முதலில் கற்றாள். அவள் முகம் சிவந்தது. ஆனால் அவள் செய்தது என்ன என்று நினைவிருக்கிறதா? என்னைக் காப்பாற்றப் பார்த்தாள். எல்லாரையும் பார்த்துச் சிரித்து, "ஆமா. ஆனா எனக்கப்புறம் இன்னொரு தங்கச்சி வந்துட்டா. பேர் வேலை செய்யல," என்றாள். கிழவன் ஏதோ தமாஷ் பண்ணினான், நாங்கள் வீட்டுக்குள் இப்படித்தான் பேசிக்கொள்வோம் என்று வந்தவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்பதற்காகச் சொன்னாள்.

உன் அம்மா பாயசத் தட்டைக் கீழே வைத்தாள். "எம் பேரும் அதேதான் தாயி," என்றாள். "போதும்பொண்ணு. எனக்கப்புறமும் ரெண்டு பொறந்துச்சு. நம்ம ரெண்டு பேரு பேருக்கும் வேலை செய்யத் தெரியல."

பிறகு குழந்தையை உன் கையிலிருந்து வாங்கி, என்னைப் பார்க்காமலேயே, காதில் பெயரைச் சொன்னாள். எல்லாரும் தட்டையே பார்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மனைவியின் பெயரை மறைத்தவன் என்று தெரிந்து திகைத்துப் போய்விட்டார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் கிளம்பும்போது, லிஃப்டுக்கு வெளியே நீ சொன்னது இரண்டே வாக்கியம்தான். "அவ நம்பிச் சொன்னத எடுத்து அவளயே அடிச்சிட்டீங்க. இனிமே அவளாக் கூப்பிட்டா வாங்கப்பா." குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன், சண்டையாகிப் போயிருக்கும், சண்டை எனக்குப் பழக்கம். நீ லிஃப்டுக்குள் போய், கதவு மூடும்வரை பட்டனை அழுத்திக்கொண்டே நின்றாய்.

நான் உடனே திருந்திவிடவில்லை. உனக்கு என்னைத் தெரியும். நான் சொன்ன அர்த்தம் சரிதானே என்று பல நாள் எனக்குள்ளே வாதாடினேன். ஒரு சொல்லும் பொய் இல்லை, புத்தகத்தில் பார்த்தாலும் அதுதான் இருக்கும் என்று கடையில் தனியாக உட்கார்ந்து நானே எனக்குத் தீர்ப்புச் சொன்னேன். ஊரார் பெயருக்கெல்லாம் உண்மையான அர்த்தம் தேடிச் சொன்னவன், தன் வீட்டில் ஒரு பெயரையே இல்லாமல் ஆக்கினவன் என்பது மெதுவாகத்தான் புரிந்தது. ஸ்தானாவின் பெயரை நான் கேலி செய்தபோது, அவளை மட்டும் நான் கேலி செய்யவில்லை. அவள் பெயர் கேவலம் என்று முதல் நாளிலிருந்து உன் அம்மாவிடம் நான் சொல்லாமல் சொன்னதை, அன்றைக்கு ஆட்களைக் கூட்டி வாய்விட்டுச் சொன்னேன். உன் அம்மா முன்வந்து பேசியது மருமகளுக்காக என்று நீ நினைத்திருப்பாய். பாதிதான் அப்படி.

போன வெள்ளிக்கிழமை காக்கா ஜும்மா முடிந்து வந்ததும் அவர் கடையில் டீ குடிக்க உட்கார்ந்தோம். திருச்சிக்காரரும் இருந்தார். பெயர் வைத்த அன்றைக்கு வந்தவர்களிடம் நானே விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்து போயிருந்தேன். பூங்கொடி என்பது நான் வைத்த பெயர், அவள் பெயர் போதும்பொண்ணு, எனக்கு வெட்கமாக இருந்ததால் மறைத்தேன் என்று சொன்னேன். இந்த வயதில் இரண்டு பேர் முன்னால் இதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை. காக்கா டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தெரியும்ணே," என்றார்.

எனக்குப் புரியவில்லை. அன்றைக்கு வீட்டில் கேட்டதைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னார்: "அன்னக்கி இல்ல. அப்பவே தெரியும். நீங்க வந்து சாப்பிட்டுப் போன மறுநாளே எங்க வீட்டம்மாகிட்ட அவங்க சொல்லிட்டாங்க. எங்க வீட்டுல இன்னிக்கும் போதும்மான்னுதான் கூப்பிடுவாங்க. ஒங்க முன்னாடி மட்டும் பூங்கொடி." திருச்சிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, அவர் வீட்டிலும் அப்படித்தான் என்றார். பில்டிங்கில் எல்லாப் பெண்களுக்கும் தெரியுமாம். "ஒங்களுக்கு அந்தப் பேரு புடிச்சிருந்துச்சு, நாங்களும் விட்டுட்டோம்," என்றார் காக்கா. அதில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் எழுந்து வந்திருப்பேன்.

அன்றைக்கு ஹாலில் எல்லாரும் தட்டைப் பார்த்தது எனக்காக வெட்கப்பட்டு. நான் ஒரு பெயரை மறைத்து வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். தங்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று இத்தனை குடும்பங்கள் அதை என்னிடமிருந்து மறைத்து, நான் உள்ளே வந்தால் பேச்சை மாற்றி, என் மரியாதையைப் பொத்திப் பொத்திப் பாதுகாத்திருக்கின்றன. உன் அம்மாவுக்கு அவள் பெயரால் ஒரு குறையும் வரவில்லை. அந்தப் பெயரோடு அவளுக்கு இத்தனை தோழிகள் இருந்திருக்கிறார்கள். அவளைத் தெரியாதவன் நான் ஒருவன்தான்.

அன்று சாயங்காலம் அவளுக்குப் போன் செய்தேன். போதும்பொண்ணு என்று கூப்பிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை நான் கூப்பிட்டதில்லை, ஊரில் இருக்கும்போதுகூட ‘ஏய்’ என்றோ ‘இங்க பாரு’ என்றோதான் கூப்பிடுவேன். அவள் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டாள். காக்கா சொன்னதைச் சொன்னேன். "ம்," என்றாள். "எனக்கு எம் பேரு வருத்தமெல்லாம் எப்பவோ போச்சுங்க. என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? சொல்ல வேண்டிய ஆளு அடுத்த ரூமுல புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு இருக்கு. போனக் குடுக்கவா?"

நான் வைத்துவிட்டேன். பயந்துதான் வைத்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்குக் குறைந்துவிட்டது. ஆனாலும் ஒன்று சொல்வேன், பட்டுத் தெரிந்துகொண்டது. உன் மனைவியிடம் யாராவது எதையாவது கேட்டால், பதிலை அவள் சொல்லட்டும். உனக்கு அந்தப் பதில் கூச்சமாக இருந்தாலும் நீ முந்திக்கொள்ளாதே. யாழினி வளர்ந்து தன் அம்மா பெயருக்கும் அப்பத்தா பெயருக்கும் என்ன அர்த்தம் என்று கேட்பாள். அதையும் அவர்களே சொல்லட்டும். நம் ஊரிலும் அவர்கள் ஊரிலும், ஒருவரை ஒருவர் அறியாத ஜனங்கள், பிறந்த பெண்ணின் தலையில் ஒரே மாதிரி பெயரைச் சுமத்தியிருக்கிறார்கள். சுமந்தவர்கள் இரண்டு பேரும் அதைத் தமாஷாக்கிச் சிரிக்கப் பழகியிருக்கிறார்கள். அந்தச் சிரிப்பு அவர்களுடையது. அதில் கை வைக்க உனக்கோ எனக்கோ உரிமை இல்லை.

இனி நீ செய்ய வேண்டியது. இந்தக் கடிதத்தை ஸ்தானாவிடம் வாசித்துக் காட்டு. அவளுக்கு எழுத்துத் தமிழ் புரியாது, இங்கிலீஷில் சொல். எனக்கு இங்கிலீஷில் எழுதத் தெரியும், ஆனால் நான் அவளை அவமானப்படுத்தியது தமிழில், அதனால் தமிழில்தான் எழுதியிருக்கிறேன். நீ சின்ன வயதிலிருந்தே எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் தூது போய், என் வார்த்தைகளை மெத்தென்று ஆக்கியே பழகியவன். நான் ‘அறிவு கெட்டவள்’ என்றால் ‘அப்பா கோபமா இருக்காங்க’ என்று போய்ச் சொல்வாய். இந்த முறை அப்படிச் செய்யாதே. அந்த ஹாலில் நான் சொன்னதை மேலே எழுதியிருக்கிறேன், அந்த வரிகளையும் விடாமல் சொல். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அம்மா பெயரைப் பற்றி அவளிடம் நான் சொன்ன பொய்யையும் சொல். என் குறைகளை எழுதியிருக்கிறேனே, அவற்றையும் சொல். மாமனார் இன்னும் கோபத்தோடுதான் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியட்டும். கோபம் போன பிறகு வெட்கப்படுவதற்கு நான் காத்திருந்தால் ஆயுசு போதாது.

வாசித்து முடித்த பிறகு அவளிடம் எதையும் கேட்காதே. பாவம், வயசானவர் என்று சொல்லாதே. வண்டி ஏறினால் மத்தியானத்துக்குள் சோஹாருக்கு வந்துவிடுவேன், பை கட்டித்தான் வைத்திருக்கிறேன். வரலாமா வேண்டாமா என்பதை அவள் வாயால் சொல்லட்டும், உன் வாயால் வேண்டாம். வரச் சொன்னால் வாசலில் நின்று அவளிடம் நேராகச் சொல்ல வேண்டியதைச் சொல்வேன், பிறகுதான் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளக் கேட்பேன். வேண்டாம் என்றால் எனக்குக் கோபம் வரும், இந்த வீட்டில் தனியாகக் கத்துவேன், நிச்சயம் கத்துவேன். ஆனால் வரமாட்டேன்.

அப்பா